எட்டு வார இன்டர்ன்ஷிப், 8,890 ரூபாய் நஷ்டம்: எனக்கு யாரும் முன்பே சொல்லாதவை

ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் எம்பிஏ முதல் வருடம் முடிக்கும் ஜூனியர்கள் இரண்டு மூன்று பேராவது எனக்கு போன் செய்கிறார்கள். "அக்கா, இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. என்னென்ன பாத்துக்கணும்?" போனில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் 2023 கோடையில் எனக்கு நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். அந்த எட்டு வாரத்தில் என் கையிலிருந்து 14,890 ரூபாய் போனது. திரும்பி வந்தது 6,000. மூன்றாம் செமஸ்டர் ஃபீஸுக்காக அம்மா சீட்டு எடுத்து என் கணக்கில் போட்டு வைத்திருந்த பணம் அது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான்கு பேர் இருந்த டீமில், இரண்டு நாள் கிட்டத்தட்ட நான் மட்டும் தனியாக நின்றேன். ஏன் அப்படி நின்றேன் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

2023 ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த வருடம். கம்பு, தினை, வரகு என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்பங்கூழ் மிக்ஸும் தோசை மிக்ஸும் போடும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு இடம் கிடைத்தது. பேக்கிங்கில் இருக்கும் அக்காக்களையும் சேர்த்து மொத்தம் இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். ஏப்ரல் 24, திங்கட்கிழமை. வில்லிவாக்கத்தில் ரயில் ஏறினால் கொரட்டூருக்கு அடுத்து பட்டரவாக்கம்; இறங்கி நடந்தே போய்விடலாம். முதல் நாள் அவ்வளவு சந்தோஷமாகப் போனேன். உரிமையாளர் நல்லபடியாகவே பேசினார். ஸ்டைபெண்ட் (பயிற்சிக் காலத்துக்குத் தரும் தொகை) பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் பாத்துப் பண்ணிக்கலாம்மா, முதல்ல வேலையக் கத்துக்கோங்க" என்றார். நான் தலையாட்டினேன். கடிதம் கேட்கவில்லை, மெயிலும் கேட்கவில்லை. கேட்டால் காசுக்கு அலைகிற பெண் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்.

இந்தக் கூச்சத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். அப்ரண்டிஸ் சட்டத்தில் முறையாகப் பதிவாகிச் சேருகிறவர்களுக்குக் குறைந்தபட்ச ஸ்டைபெண்ட் என்று ஒன்று உண்டு. கல்லூரி மூலமாக இரண்டு மாதம் போகிற நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பேசி வைத்துக்கொண்டதுதான் கணக்கு. பேசியது எழுத்தில் இல்லையென்றால் அதுவும் இல்லை. அவர்கள் கடிதம் தரவில்லையென்றால், அன்று சாயங்காலம் நீங்களே நாலு வரி மெயில் போடுங்கள்: "சார், இன்று பேசியபடி இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வருகிறேன். இன்னாரிடம் ரிப்போர்ட் செய்கிறேன். ஸ்டைபெண்ட் இவ்வளவு. வேலைக்காக ஆகும் செலவு கம்பெனியுடையது. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்." மரியாதைக் குறைவாக இதில் ஒரு சொல்கூட இல்லை. அவர் பதில் போடாவிட்டாலும் நீங்கள் அனுப்பியது இருக்கும். (சேருவதற்கே பணம் கட்டு, சர்டிஃபிகேட்டுக்குப் பணம் கட்டு என்று கேட்கிற இடத்துக்குப் போகவே போகாதீர்கள். என் கம்பெனி அப்படிக் கேட்கவில்லை. என் வகுப்பில் இரண்டு பேர் கட்டிவிட்டு ஏமாந்தார்கள்.)

நாங்கள் நான்கு இன்டர்ன்கள். நானும் என் வகுப்புத் தோழியும், வேறொரு கல்லூரியிலிருந்து இரண்டு பையன்கள். ஒருவன் திருநெல்வேலிக்காரன், இன்னொருவன் அண்ணா நகர். முதல் இரண்டு வாரம் அமைந்தகரை, வில்லிவாக்கம், பாடி என்று மளிகைக் கடைகளில் போய்க் கணக்கெடுத்தோம். மே 4-ஆம் தேதி கத்திரி ஆரம்பித்த பிறகும் பதினொரு மணி வெயிலில் அண்ணாச்சி கடை வாசலில் நின்று, "சிறுதானிய மிக்ஸ் போகுதா அண்ணாச்சி?" என்று கேட்டோம். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது வாரம் உரிமையாளர் கூப்பிட்டு, ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) நாவலூர் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் மே 20, 21 சனி, ஞாயிறு ஸ்டால் போட வேண்டும், இன்டர்ன் டீமே முழுசாகப் பார்த்துக்கொள்ளட்டும், நீதான் கோஆர்டினேட்டர் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ராத்திரி அம்மாவிடம் சொல்லும்போது குரலே மாறியிருந்தது.

கோஆர்டினேட்டர் என்றால் எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரிடம் பேசியது நான். ஷாமியானாவும் மேசையும் சொன்னது நான். ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தது நான். மற்ற மூன்று பேரிடமும் "நீ இதைச் செய், இத்தனை மணிக்குள் சொல்" என்று கேட்டதே இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன்: "வண்டி யார் பாக்குறீங்க?", "சில்லறை எடுத்துட்டு வரணும்", "ஸ்டாக் சொல்லியாச்சா?" கீழே வரிசையாகக் கட்டைவிரல் விழும். எனக்கு அந்தக் கட்டைவிரலின் அர்த்தம், முடிந்துவிட்டது. என் தோழிக்கு, படித்துவிட்டேன். திருநெல்வேலிக்காரனுக்கு, சரி, யாராவது செய்வீர்கள். பின்னால் நான்கு பேரும் உட்கார்ந்து பேசியபோதுதான் இது தெரிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

செலவுக்கு உரிமையாளரிடம் கேட்டபோது அவர் கோயம்புத்தூரில் இருந்தார். "நீங்க போட்டுடுங்கம்மா, வந்ததும் பில் குடுத்தா தந்துடறேன்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் நின்றுவிட வேண்டும். நான் நிற்கவில்லை. ஸ்டாலுக்கான கட்டணம் 6,000. ஷாமியானா, மேசை, நாற்காலி வாடகை 3,200. ஃபிளெக்ஸ் 1,150. அம்பத்தூரிலிருந்து நாவலூர் போய்வர குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) 2,800. கூழுக்குத் தயிர், சின்ன வெங்காயம், மோர்மிளகாய், ஐஸ், பேப்பர் கப் எல்லாம் சேர்த்து 1,740. ஒவ்வொன்றும் சின்னத் தொகையாகத்தான் தெரிந்தது. ஜிபே-யில் தட்டிக்கொண்டே போனேன். கூட்டிப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி.

வியாழக்கிழமை மதியம் திருநெல்வேலிக்காரன், அக்கா வீட்டில் விசேஷம், ஊருக்குக் கிளம்புகிறேன் என்றான். வைகாசி பிறந்துவிட்டது, அது முகூர்த்த மாதம், நான்தான் முன்பே கேட்டிருக்க வேண்டும். அன்று ராத்திரி என் தோழிக்குக் காய்ச்சல். இரண்டு பேர் குறைந்துவிட்டார்கள் என்று அப்போதே உரிமையாளருக்கு ஒரு போன் போட்டிருந்தால் கம்பெனியிலிருந்து ஒருவரை அனுப்பியிருப்பார், இல்லை தேதியையாவது தள்ளியிருப்பார். நான் போடவில்லை. முதல் பொறுப்பிலேயே முடியவில்லை என்று சொல்வதா என்ற வீம்பு. கெட்ட செய்தி வியாழக்கிழமை போனால் அது ஒரு தகவல். அதே செய்தி திங்கட்கிழமை போனபோது என் தவறாக ஆகிவிட்டது.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு குட்டி யானை வந்தது. பெட்டியைப் பிரித்தால் எல்லாம் தோசை மிக்ஸ். ஒரு பாக்கெட் கூழ் மிக்ஸ்கூட இல்லை. ஐஸ் பெட்டிக்குள் தயிர் இருக்கிறது, சின்ன வெங்காயம் உரித்து வைத்திருக்கிறது, ஃபிளெக்ஸில் பெரிதாகக் கம்பங்கூழ் படம். கரைத்துக் கொடுக்கக் கூழ் மாவு இல்லை; தோசை சுட்டுக் காட்ட அடுப்பும் இல்லை, கல்லும் இல்லை. ஸ்டோர் அண்ணனுக்கு போன் செய்தேன். "இண்டென்ட் வரலையேம்மா. வண்டி வந்து நின்னுது, ரெடியா இருந்த பெட்டியை ஏத்தி விட்டேன்" என்றார். அவர் சொன்னது சரி. அவருக்கு வாட்ஸ்அப் குரூப் கிடையாது. என்ன சரக்கு, எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட இண்டென்ட் சீட்டு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அவர் மேசைக்குப் போயிருக்க வேண்டும். நான்கு பேரில் ஒருவருக்கும் அப்படி ஒரு சீட்டு இருப்பதே தெரியாது. நான்கு வாரம் அந்த ஸ்டோரைத் தாண்டித்தான் தினமும் போய்க்கொண்டிருந்தோம்.

அண்ணா நகர் பையன் ஐந்து மணி வரை இருந்துவிட்டு, வீட்டில் வேலை என்று போனான். அதற்குப் பிறகு நான் மட்டும். அன்று மூன்றரை மணிக்கு டெல்லியில் சிஎஸ்கே மேட்ச். பால்கனிகளிலிருந்து சத்தம் வந்ததே தவிர ஆள் இறங்கி வரவில்லை. மேட்ச் முடிந்த பிறகும் பெரிதாகக் கூட்டம் இல்லை. வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன்தான் சொன்னார்: "லீவுக்கு பாதி வீடு பூட்டிக் கெடக்கும்மா. எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. ஸ்கூல் திறக்கிறப்ப வந்திருக்கணும்." அந்த வருடம் வெயிலால் ஆறாம் வகுப்பு முதல் பள்ளி திறப்பு ஜூன் 12-க்குத் தள்ளிப்போனது வேறு. சங்கத்துச் செயலாளர் என்னிடம் 620 வீடு என்று சொல்லியிருந்தார்; நானும் 620-ஐ வைத்து எக்ஸெல் போட்டு உரிமையாளருக்கு அனுப்பியிருந்தேன். எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது என்பது செக்யூரிட்டிக்குத் தெரியும், பால் போடுகிறவருக்குத் தெரியும், இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரியும். மார்க்கெட் சர்வே என்று இரண்டு வாரம் வெயிலில் அலைந்த எனக்கு, அங்கே ஒரு நடை போய் அவர்களைக் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் நடந்தது. முந்தின நாள், மே 19 சாயங்காலம்தான் ரிசர்வ் வங்கி 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்திருந்தது. வந்த கொஞ்சம் பேரில் மூன்று பேர் 120 ரூபாய் பாக்கெட்டுக்கு 2,000 ரூபாய் நோட்டை நீட்டினார்கள். நோட்டு செல்லும்தான், செப்டம்பர் வரை வங்கியில் மாற்றலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் என்னிடம் சில்லறை இல்லை. சில்லறை எடுத்து வரணும் என்ற மெசேஜுக்கும் மூன்று கட்டைவிரல் விழுந்திருந்தது. மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். ஒரு பெரியவர் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் மூணு வாரந்தான் வருதேம்மா" என்றார். கோயம்புத்தூர் டீலருக்கு ஒரு சலுகை விலைக்காக ஒதுக்கி வைத்திருந்த பெட்டிகள் அவை என்று பிறகு தெரிந்தது. பெரியவரிடம் ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு, மேலே எதுவும் பேச முடியாமல் நின்றேன். ராத்திரி ஒன்பது மணிக்கு தயிரை கார் பார்க்கிங் ஓரச் சாக்கடையில் கொட்டும்போது அழுதேன். அப்போதுகூட குரூப்பில் "ஓகே, நல்லாப் போகுது" என்றுதான் போட்டேன். ஏன் அப்படிப் போட்டேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

இரண்டு நாளில் விற்றது 41 பாக்கெட். 4,920 ரூபாய். அது கம்பெனி க்யூஆர் அட்டைக்கு நேராகப் போய்விட்டது. திங்கட்கிழமை கூட்டத்தில் உரிமையாளர் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்டாக்குக்கு யார் பொறுப்பு?" மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன். கோபத்தில் அந்த வாரம் முழுக்க அவர்களோடு சரியாகப் பேசவில்லை. பில்லைக் கொடுத்தபோது அக்கவுண்ட்ஸில், கம்பெனி பேருக்கு ரசீது இருந்தது ஸ்டால் கட்டணம் ஒன்றுக்குத்தான், அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் என் ஜிபே ஸ்க்ரீன்ஷாட். யாரோ ஒருவருக்கு நான் பணம் அனுப்பியதற்குத்தான் அது சாட்சி, எதற்கு அனுப்பினேன் என்பதற்கு இல்லை.

ஆகவே பணம் விஷயத்தில் இவ்வளவையும் மனதில் வையுங்கள். முதலில், முன்பணம் கேளுங்கள்; தராமல் வேலையைத் தொடாதீர்கள். ஐநூறு ரூபாய்க்கு மேல் உங்கள் கையிலிருந்து போடுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாடகைக் கடை, ஃபிளெக்ஸ் கடை எதுவானாலும் கம்பெனி பேரும் ஜிஎஸ்டி எண்ணும் சொல்லி பில் வாங்குங்கள். குட்டி யானைக்காரர் போல பில் தர முடியாதவர்களுக்கு வவுச்சர் எழுதுங்கள்: தேதி, எங்கிருந்து எங்கே, தொகை, அவர் கையெழுத்து, போன் நம்பர். வவுச்சர் புத்தகம் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். அன்றன்றைய செலவை அன்று ராத்திரியே மெயிலில் போட்டுவிடுங்கள். வாரக் கடைசியில் மொத்தமாகப் போட்டால் கேள்வி வரும், உங்களுக்கும் பாதி மறந்திருக்கும்.

என் மனதை மாற்றியது பேக்கிங் ஹால். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மேலே உட்காரப் பிடிக்காமல் கீழே போய் அக்காக்களோடு சாப்பிட ஆரம்பித்தேன். அங்கே சுவரில் ஒரு கரும்பலகை. மாவு எடை, பாக்கெட் சீல், தேதி அச்சு, பெட்டி ஒட்டுவது, தரை துடைப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் நேராக ஒரே ஒரு பேர். பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு பேர். அது என்ன என்று கேட்டேன். "அவ வரலைன்னா இவ" என்றார் சூப்பர்வைசர் அக்கா. திருவள்ளூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர், எட்டாவதுவரை படித்தவர். ஒரு வேலைக்கு ஏன் இரண்டு பேர் பேரைச் சேர்த்து எழுதக் கூடாது என்று கேட்டேன். "எங்க ஊர்த் தேரைப் பாத்திருக்கியாம்மா? வடம் பிடிக்க யார் வேணா வரலாம். சக்கரத்துக்குக் கட்டை போடறவன் இன்னாருன்னு இருக்கணும். ரெண்டு பேர் பொறுப்புன்னா ரெண்டு பேருமே அடுத்தவன் போடுவான்னு நிப்பான்." வகுப்பில் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் படித்திருந்தேன். கயிறு இழுக்க விட்டுப் பார்த்து, ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் இழுப்பு குறைகிறது என்று 1913-இல் எழுதியவர். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். எங்கள் வாட்ஸ்அப் குரூப்தான் அந்தக் கயிறு என்பது அந்த ஹாலில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

அடுத்த திங்கட்கிழமை நான்கு பேரையும் டீக்கடைக்குக் கூப்பிட்டேன். முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். வேலையைப் பிரித்தே கொடுக்காமல், பிறகு யாரும் செய்யவில்லை என்று கோபப்பட்டதற்கு. அப்புறம் அவர்கள் பேசினார்கள். அண்ணா நகர் பையன் சொன்னதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது: "நீ எதையும் விட மாட்டேங்கிற. நான் ஏதாவது சொன்னா அதை நீயே பண்ணி முடிச்சிருப்ப. அதான் நான் ஒதுங்கிட்டேன்." திருநெல்வேலிக்காரனை நான் எக்ஸெல்லில் உட்கார வைத்திருந்தேன். அவன் அப்பாவுக்கே ஊரில் மளிகைக் கடை என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். ஐந்து வாரம் கூட வேலை பார்த்திருக்கிறோம், ஒருவரையொருவர் என்ன தெரியும், என்ன வரும் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைப் பேசிவிடுங்கள். எந்தத் தேதிகளில் யார் ஊரில் இருக்க மாட்டார்கள் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின சனி, ஞாயிறு, ஜூன் 10, 11, இன்னொரு முறை ஸ்டால் போடுகிறோம் என்று நாங்களே போய்க் கேட்டோம். இந்த முறை முகப்பேரில், வண்டிச் செலவு குறைவு. உரிமையாளர் யோசித்துவிட்டு 3,000 முன்பணம் கொடுத்தார். ஒரு நோட்டுத் தாளில் பதினோரு வேலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், பக்கத்தில் வராவிட்டால் யார், எத்தனை மணிக்குள் முடிந்தது என்று சொல்ல வேண்டும். குரூப்பில் கட்டைவிரல் கூடாது; "இண்டென்ட் கொடுத்துட்டேன், ஸ்டோர் அண்ணன் கையெழுத்துப் போட்டாச்சு" என்று வாக்கியமாக எழுத வேண்டும். வியாழக்கிழமையே இண்டென்ட் போனது. சில்லறை 1,500 ரூபாய்க்கு வந்தது. திருநெல்வேலிக்காரன் கூழ் கரைத்துக் கொடுத்துக்கொண்டே, "ஆச்சி, உப்பு பாத்துச் சொல்லுங்க" என்று பாட்டிமார்களை நிற்க வைத்துவிட்டான். அவன் பேச்சுக்குத்தான் பாதி விற்பனை. 163 பாக்கெட் போனது. செலவு 2,350, மீதி 650-ஐயும் பில்களையும் திங்கட்கிழமை காலையிலேயே அக்கவுண்ட்ஸில் கொடுத்துவிட்டோம். நான் அன்று செய்த வேலை ரொம்பக் கம்மி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளைப் பார்ப்பதும், குறைகிற இடத்தில் போய் நிற்பதும்தான். சும்மா இருக்கிறோமே என்று முதலில் கையெல்லாம் பரபரத்தது.

ஜூன் 17-ஆம் தேதி முடித்தோம். சர்டிஃபிகேட்டைக் கடைசி நாளிலேயே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அது வர மூன்று வாரமும் நாலு நடையும் ஆயிற்று. ஸ்டைபெண்ட் வரவேயில்லை. 6,000 ஜூலை இரண்டாம் வாரம் கணக்கில் ஏறியது. மீதி 8,890-ஐ அம்மாவிடம் சொல்லாமல், தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து டிசம்பருக்குள் சேர்த்து வைத்தேன். முகப்பேருக்கு எழுதின அந்த நோட்டுத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. இந்த ஏப்ரலில் சேருகிறவர்கள் கேட்டால் அதன் போட்டோவை அனுப்புகிறேன்.